மறுவாழ்வுப் பயிற்சி எங்கே நடக்க வேண்டும்?

வளர்ச்சித் தாமதமோ உடல் இயக்கக் குறைபாடோ உள்ள குழந்தைகளுக்கான மறுவாழ்வுச் சேவை என்றதும் நம் சிந்தனை கட்டடங்களை நோக்கித்தான் போகிறது. மாவட்டத்தில் எத்தனை மையங்கள், மையத்தில் எத்தனை தெரபிஸ்டுகள், குழந்தைக்கு வாரத்துக்கு எத்தனை செஷன் என்றே அரசும் கணக்கிடுகிறது, பெற்றோரும் கேட்கிறார்கள். ஆள் பற்றாக்குறை கடுமையாக இருக்கும் நாட்டில் இந்தக் கணக்கு தேவையானதுதான். ஆனால், அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த செஷனில் நடப்பது குழந்தையின் வாழ்க்கைக்குள் எவ்வளவு போய்ச் சேருகிறது? கடந்த கால் நூற்றாண்டில் வெளிவந்த ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் ஒரு முடிவு தெளிவாகத் தெரிகிறது. குழந்தை தன் அன்றாடத்தில் செய்ய விரும்பும் ஒரு காரியத்தை, அது நடக்கும் இடத்திலேயே, உடன் வாழ்பவர்களின் துணையோடு பழகும்போதுதான் பலன் நிலைக்கிறது. இது உண்மையென்றால் தெரபிஸ்டின் பணி, அரசு செலவிடும் முறை, சட்டம் தரும் உத்தரவாதம் ஆகிய மூன்றையும் நாம் மாற்றி அமைக்க வேண்டியிருக்கும். அந்த முடிவுக்கான சான்றுகளையும், அதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயமான மறுப்புகளையும் இங்கே பரிசீலிப்போம்.

முதலில் பிரச்சினையின் அளவு. 2016இல் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 5.3 கோடிக் குழந்தைகளுக்கு வளர்ச்சிசார் குறைபாடுகள் இருந்ததாக 2018இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வெளியான மதிப்பீடு சொல்கிறது. அவர்களில் 95 சதவீதம் பேர் வாழ்வது ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும்தான். இந்தியாவில் பல்வால், காங்ரா, தேன்கனால், ஹைதராபாத், கோவா ஆகிய ஐந்து பகுதிகளில் வீடு வீடாகச் சென்று குழந்தைகளைப் பரிசோதித்த ஆய்வும் அதே ஆண்டில் ‘பிளாஸ் மெடிசின்’ இதழில் வெளியானது. பார்வை, செவித்திறன் குறைபாடுகள், வலிப்பு, மூளை முடக்குவாதம், பேச்சு மொழிச் சிக்கல், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்த குழந்தைகளின் விகிதம் ஆறு வயதுக்குட்பட்டோரிடம் இடத்துக்கு இடம் 2.9 முதல் 18.7 சதவீதம் வரை வேறுபட்டது. கவனக்குறைவு, கற்றல் குறைபாடு ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்ட 6 முதல் 9 வயதுப் பிரிவில் அது 6.5 முதல் 18.5 சதவீதம். இந்த அளவுக்கு வேறுபடும் எண்களை வைத்துத் துல்லியமான திட்டமிடல் கடினம். ஆனாலும் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். சிறப்பு மருத்துவமனைகள் மட்டுமே கையாளக்கூடிய அரிய நோய்களின் தொகுப்பு அல்ல இது; ஒவ்வொரு அங்கன்வாடியிலும் ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் எதிர்ப்படும் நிலை. தெரபிஸ்டுகளின் எண்ணிக்கையைப் பல மடங்கு உயர்த்தினாலும், ஒவ்வொரு குழந்தைக்கும் வாரத்தில் பல மணி நேரம் தனித்தனியாக ஒரு நிபுணர் என்ற ஏற்பாடு இந்த எண்ணிக்கைக்கு எட்டாது.

நாம் இன்று வைத்திருக்கும் அமைப்புகள் வேறொரு காலத்தின் தேவைக்காக உருவானவை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் மேரி வர்கீஸ் முன்னின்று உருவாக்கிய மறுவாழ்வு நிலையம் 1966இல் தொடங்கப்பட்டது. அந்தத் தலைமுறையின் பெரிய எதிரிகளில் ஒன்று இளம்பிள்ளை வாதம். போலியோ தண்டுவடத்தின் இயக்க நரம்புகளைத் தாக்கிவிட்டு ஓய்ந்துவிடும். சிந்தனை, பேச்சு, கற்கும் திறன் எதையும் தொடாது. அறுவைச் சிகிச்சை, காலிப்பர், ஊன்றுகோல், தசைப் பயிற்சி என்று மருத்துவமனையிலும் முகாமிலும் தரக்கூடியவற்றால் அந்தக் குழந்தைக்குப் பெரும் பயன் கிடைத்தது. இந்தியாவின் கடைசி இயல்வகைப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச்சில் நாடு போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது. இன்று சேவை தேடி வரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இருப்பது வளரும் மூளை சார்ந்த நிலைகள். அவை குழந்தையோடு சேர்ந்து உருமாறுகின்றன. நடை, உணவு, உறக்கம், பேச்சு, பழக்கம், படிப்பு அனைத்தையும் ஒருசேரத் தொடுகின்றன. இதை முன்னரே உணர்ந்தவர்களும் உண்டு. சென்னையில் பூனம் நடராஜன் 1985இல் தொடங்கி இன்று ‘வித்யாசாகர்’ என்று அறியப்படும் அமைப்பும், திருவனந்தபுரத்தில் டாக்டர் எம்.கே.சி. நாயர் 1987இல் தொடங்கிய குழந்தை வளர்ச்சி மையமும் அப்படித் தோன்றியவை. ஆனால் பொதுக் கட்டமைப்பின் மனப்பாங்கு பெரும்பாலும் முகாம், உபகரணம், சான்றிதழ் என்ற பழைய வட்டத்துக்குள்ளேயே நிற்கிறது.

மூளை முடக்குவாதச் சிகிச்சையின் வரலாறே கருத்து மாற்றத்துக்கு நல்ல சான்று. லண்டனில் பெர்ட்டா போபாத், காரல் போபாத் தம்பதியர் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் உருவாக்கிய முறை உலகெங்கும் பரவியது. தெரபிஸ்ட் தன் கைகளால் குழந்தையின் உடலை வழிநடத்தி, இயல்பான அசைவை அதற்கு உணர்த்தினால் மூளை அதைக் கற்றுக்கொள்ளும் என்பது அதன் அடிப்படை. அன்றைய அறிவுக்கு அது நியாயமான ஊகம். கைவிடப்பட்ட குழந்தைகளைக் கற்கக்கூடியவர்களாகப் பார்த்ததே பெரிய முன்னேற்றம். ஆனால் பிற்கால ஒப்பீட்டு ஆய்வுகள் அந்த ஊகத்தை உறுதிசெய்யவில்லை. நெதர்லாந்தில் 55 குழந்தைகளை வைத்து நடத்தப்பட்டு 2001இல் வெளியான ஆய்வில், அசைவுகளை இயல்பாக்க முயன்ற பிரிவும், அன்றாடச் செயல்களையே பழக்கிய பிரிவும் அடிப்படை உடல் இயக்கத்தில் ஒரே அளவுக்கு முன்னேறின. வீட்டிலும் வெளியிலும் அந்தத் திறனைப் பயன்படுத்துவதில் இரண்டாவது பிரிவே முந்தியது. 2013இல் அயோனா நோவாக் தலைமையில் வெளிவந்த விரிவான மறுஆய்வு, சிகிச்சைகளைப் போக்குவரத்து விளக்கின் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தரம் பிரித்தது. குறிப்பிட்ட செயலை இலக்காக வைத்த பயிற்சி, நன்றாக இயங்கும் கையைக் கட்டுப்படுத்தி மற்றதைப் பழக்குதல், இரு கைகளையும் சேர்த்துப் பழக்குதல், வீட்டுப் பயிற்சித் திட்டம், தசை இறுக்கத்துக்கு பொட்டுலினம் ஊசி, மாவுக்கட்டு, இடுப்பு மூட்டுக் கண்காணிப்பு ஆகியவை பச்சை பெற்றன. அசைவுகளை இயல்பாக்க முயலும் பழைய முறை, உயரழுத்த ஆக்சிஜன் முதலியவை பெறவில்லை. குழந்தை தானே முயன்று செய்யும் காரியம் பலன் தருகிறது. குழந்தையின் மீது பிறர் செய்யும் காரியம் பெரும்பாலும் தருவதில்லை என்பதே இந்தப் பட்டியலின் சாரம்.

அடுத்தது அளவு பற்றிய நம்பிக்கை. எவ்வளவு கூடுதல் நேரமோ அவ்வளவு கூடுதல் முன்னேற்றம் என்ற எண்ணம் பெற்றோரைக் கடனாளியாக்கும் அளவுக்கு வலுவானது. மூளை முடக்குவாதம் உள்ள 36 குழந்தைகளை வைத்து 2009இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வெளியான ஆய்வில், எட்டு வார வீட்டுப் பயிற்சித் திட்டம் செயல்திறனைத் தெளிவாக உயர்த்தியது. அந்தக் குடும்பங்கள் பயிற்சிக்குச் செலவிட்டது மாதத்துக்குச் சுமார் 17 முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 16 நிமிடம். ஆட்டிசத்தில் வாரம் 40 மணி நேரப் பயிற்சி என்ற வாதம் 1987இல் ஐவர் லோவாஸ் வெளியிட்ட, 19 குழந்தைகளுக்குத் தீவிரப் பயிற்சி தந்த ஆய்விலிருந்து பிறந்தது. 2024இல் 144 ஆய்வுகளையும் 9,038 குழந்தைகளையும் உள்ளடக்கி ‘ஜாமா பீடியாட்ரிக்ஸ்’ வெளியிட்ட தொகுப்பாய்வு, நேரத்தைக் கூட்டினால் பலன் கூடும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று கண்டது. பிரிட்டனில் 152 குழந்தைகளை வைத்து நடந்த ‘பேக்ட்’ ஆய்வு வேறு வழியைக் காட்டியது. தாயும் குழந்தையும் விளையாடுவதைப் படம்பிடித்து, குழந்தையின் சிறு முயற்சிகளைக் கண்டு பதிலளிக்கப் பெற்றோரைப் பழக்குவது அதன் முறை. முதலில் பலன் சிறிதாகவே தெரிந்தது. ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்குப் பின் பரிசோதித்தபோது ஆட்டிசத்தின் தீவிரத்தில் ஏற்பட்ட குறைவு நிலைத்திருந்தது. அதே முறையை கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நிபுணர் அல்லாத ஊழியர்களைக் கொண்டு 65 குழந்தைகளிடம் நடத்திய ‘பாஸ்’ ஆய்வு 2016இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’யில் வெளியானது. பெற்றோரின் பதிலளிக்கும் திறனும் குழந்தை தானாகத் தொடர்புகொள்ள முனைவதும் கூடின. இருவரும் ஒன்றில் சேர்ந்து கவனம் வைத்திருந்த நேரம் குறைந்தது. முழு வெற்றி என்று இதைக் கொண்டாட முடியாது. ஆனால், நம் துணைக்கண்டத்தின் வீடுகளில், நம்மிடம் இருக்கும் ஊழியர்களைக் கொண்டு இதைச் செய்ய முடியும் என்பதற்கு இது சான்று.

இடத்தைப் போலவே காலமும் முக்கியம். கனடாவின் ஒன்டாரியோவில் 657 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து பீட்டர் ரோசன்பாம் குழுவினர் 2002இல் வெளியிட்ட வளர்ச்சிக் கோடுகள், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தை தன் இயக்கத் திறனின் பெரும்பகுதியை ஐந்து வயதுக்குள் அடைந்துவிடுகிறது என்று காட்டின. குறைபாடு தீவிரமானால் அந்தக் காலம் இன்னும் குறுகும். மிகத் தீவிர நிலையில் மூன்று வயதுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. ஆறு மாதத்துக்கு முன்பே ஆபத்தைக் கண்டறிய வழி இருக்கிறது. கைக்குழந்தையின் இயல்பான அசைவுகளைக் கூர்ந்து கவனிப்பதும், 26 கூறுகள் கொண்ட ஹாமர்ஸ்மித் நரம்பியல் பரிசோதனையும் அதற்கு உதவுகின்றன. பின்னதற்குச் சில நிமிடங்களே தேவை; விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கண்காணிப்பு எவ்வளவு வலியைத் தவிர்க்கும் என்பதற்கு ஸ்வீடன் உதாரணம். 1994 முதல் அங்கு நடக்கும் திட்டத்தில் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளின் இடுப்பை எக்ஸ்ரே மூலம் முறையாகப் பார்த்து, விலகத் தொடங்கியதும் சிகிச்சை தருகிறார்கள். திட்டத்துக்கு முன்பு 9 சதவீதக் குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டு முழுமையாக விலகியது. இருபது ஆண்டுகளில் அது 0.4 சதவீதமாகக் குறைந்தது. உட்கார முடியாத அளவுக்கு வலியைத் தரும் அந்த நிலையைத் தடுக்க ஓர் எக்ஸ்ரே இயந்திரமும் தேதி தவறாத பதிவேடும் போதும். இரண்டும் நம் தாலுகா மருத்துவமனைகளால் முடியாதவை அல்ல.

தமிழ்நாட்டில் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் நம்பிக்கைக்கும் கவலைக்கும் இடம் உண்டு. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளை ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிகளை ஒருமுறையும் பார்வையிட்டு, பிறவிக் குறைபாடு, நோய், சத்துக்குறைவு, வளர்ச்சித் தாமதம் என்ற நான்கு பிரிவுகளில் குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். கண்டறியப்படும் குழந்தைகளுக்கு மாவட்ட இடையீட்டு மையங்கள். பள்ளிக் கல்வித் துறையின் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வட்டார அளவில் சிறப்பாசிரியர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் பணிபுரிகிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிசியோதெரபியை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. உலக வங்கி உதவியுடன் நடக்கும் ‘உரிமைகள்’ திட்டம் ‘விழுதுகள்’ என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்களை அமைத்துவருகிறது. முட்டுக்காட்டில் 2005 முதல் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இயங்குகிறது. கவலை என்னவென்றால், இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு துறையின் பதிவேட்டில், வெவ்வேறு வயது வரம்பில் நிற்கின்றன. பரிசோதனையில் ‘தாமதம்’ என்று குறிக்கப்பட்ட குழந்தையை மாவட்டத் தலைநகருக்கு அனுப்பினால், வாரம் இருமுறை ஒருநாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழக்கும் குடும்பம் சில மாதங்களில் வருவதை நிறுத்திவிடும். பரிந்துரைச் சீட்டோடு முடியும் பரிசோதனை பெற்றோருக்குக் கவலையை மட்டுமே தருகிறது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் நிறுவிய அமர் சேவா சங்கம் காட்டும் வழி இதற்கு நேர்மாறானது. பயிற்சி பெற்ற சமூக மறுவாழ்வுப் பணியாளர் கிராமத்து வீட்டுக்குச் செல்கிறார். கைபேசிச் செயலியில் குழந்தையின் நிலையைப் பதிகிறார். பிசியோ, ஆக்குபேஷனல், பேச்சுப் பயிற்சி நிபுணர்கள் அதைப் பார்த்து அடுத்த இலக்கை அமைக்கிறார்கள்.

இதற்கு எதிராக எழும் முதல் மறுப்பு தரம் பற்றியது. ஆண்டுக்கணக்கில் படித்த தெரபிஸ்டின் இடத்தில் சில மாதப் பயிற்சி பெற்றவரை வைப்பது ஏழைக் குழந்தைக்கு இரண்டாந்தரச் சேவை தருவதாகாதா? இந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. விழுங்குவதில் சிக்கல் உள்ள குழந்தைக்குத் தவறான நிலையில் உணவு ஊட்டினால் அது நுரையீரலுக்குள் போகும். வலிப்பை மருத்துவர்தான் கட்டுப்படுத்த வேண்டும். செவித்திறன் சோதனை, ஊசி, அறுவைச் சிகிச்சை, உபகரணம் பொருத்துதல் ஆகியவற்றில் நிபுணருக்கு மாற்று இல்லை. ஆகவே, வீட்டை மையமாகக் கொண்ட ஏற்பாட்டில் நிபுணரின் தேவை குறைவதில்லை. அவர் பணியின் வடிவம் மாறுகிறது. மதிப்பிடுவது, இலக்கை வகுப்பது, களப்பணியாளரை மேற்பார்வையிடுவது, ஆபத்தான நிலையை அடையாளம் காண்பது ஆகியவற்றுக்கு அவர் நேரம் செல்லும். மேற்பார்வை இல்லாமல் களப்பணியாளர்களை மட்டும் நியமிக்கும் திட்டம் உண்மையிலேயே இரண்டாந்தரம்தான். அதைத் தடுக்க ஒரு பணியாளருக்கு எத்தனை குழந்தைகள், ஒரு நிபுணருக்கு எத்தனை பணியாளர்கள் என்ற வரம்பு அரசாணையிலேயே எழுதப்பட வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. வீட்டில் பயிற்சி என்றால் அதைச் செய்யப்போவது தாய்தான். சமையல், கூலி வேலை, மற்றப் பிள்ளைகள், மாமியாரின் குறைகூறல் இவற்றுக்கிடையே அவளைச் சம்பளமில்லாத தெரபிஸ்டாகவும் ஆக்கிவிட்டு, குழந்தை முன்னேறாவிட்டால் அவள் சரியாகச் செய்யவில்லை என்று பழியையும் அவள்மேல் போடும் அபாயம் மெய்யானது. செலவைக் குறைக்கும் தந்திரமாக அரசு இதைக் கையில் எடுத்தால் எதிர்க்கவே வேண்டும். ஆனால் மையம் சார்ந்த ஏற்பாடும் தாயின் உழைப்பில்தான் நிற்கிறது. வளர்ந்த பிள்ளையை இடுப்பில் சுமந்து பேருந்து ஏறுவதும் வராந்தாவில் மணிக்கணக்கில் காத்திருப்பதும் எந்தக் கணக்கிலும் வராத உழைப்பு. நல்ல வீட்டுத் திட்டம் புதிய வேலைகளைச் சேர்ப்பதில்லை. குளிப்பாட்டும்போதும் சட்டை மாட்டும்போதும் சோறூட்டும்போதும் ஏற்கெனவே நடப்பதைச் சற்றே மாற்றிச் செய்யக் கற்றுத்தருகிறது. இலக்கைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் இப்போது முடியாது என்று சொல்லும் உரிமையும் குடும்பத்திடம் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் பராமரிப்பாளர் பயிற்சித் திட்டம் ஒன்பது குழு அமர்வுகள், மூன்று வீட்டு வருகைகள் என்ற அளவோடு நிற்பதும், பராமரிப்பாளரின் மனநலத்தையும் சேர்த்துக்கொள்வதும் இதனால்தான். தந்தையும் தாத்தா பாட்டியும் பயிற்சியில் சேர்க்கப்பட வேண்டும். சில மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பகல்நேரப் பராமரிப்பு அருகில் வேண்டும். தமிழ்நாடு அரசு கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கு வழங்கும் மாதம் ரூ.2,000 பராமரிப்புத் தொகை, சான்றிதழுக்காகக் காத்திருக்கும் காலத்திலும் இளங்குழந்தைகளின் குடும்பங்களை எட்ட வேண்டும்.

மூன்றாவது மறுப்பு மாற்றுத்திறனாளிகள் இயக்கத்திலிருந்து வருகிறது. குழந்தையை ஏன் திருத்த வேண்டும்? படிக்கட்டை அல்லவா திருத்த வேண்டும்? பல தலைமுறைகளாகப் பயிற்சி என்ற பெயரில் வலியையும் அவமானத்தையும் அனுபவித்தவர்கள் கேட்கும் இந்தக் கேள்விக்குச் சான்றுகளே ஆதரவாக நிற்கின்றன. கனடாவில் 128 குழந்தைகளை வைத்து மேரி லா குழுவினர் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவுக்குக் குழந்தையின் திறன்களைப் பழக்கினார்கள். மற்றொரு பிரிவுக்குக் குழந்தையை விட்டுவிட்டு செயலையும் சூழலையும் மட்டும் மாற்றினார்கள். இரு பிரிவுகளும் ஒரே அளவுக்கு முன்னேறின. கரண்டியின் பிடியைத் தடிப்பாக்குவதும், கழிப்பறையில் கைப்பிடி அமைப்பதும், பேச்சு வராத குழந்தைக்குப் படப்பலகை தருவதும், சரியான அளவில் சக்கர நாற்காலி வழங்குவதும் பயிற்சிக்கு ஈடான சிகிச்சைகள் என்பதே இதன் பொருள். உலக சுகாதார நிறுவனம் 2001இல் ஏற்ற வகைப்பாடும் குறைபாட்டை உடல், செயல், பங்கேற்பு, சூழல் ஆகியவற்றின் உறவாகவே வரையறுக்கிறது. நடக்க வைத்த பிறகுதான் பள்ளி, பேச வைத்த பிறகுதான் தோழர்கள் என்று வாழ்க்கையைத் தள்ளிப்போடும் மறுவாழ்வுச் சேவை, தான் காக்க வந்த குழந்தைப் பருவத்தையே தின்றுவிடுகிறது.

பொதுச் சேவை எட்டாத வெற்றிடத்தில் சந்தை நுழைகிறது. நேர்மையாக உழைக்கும் தனியார் மையங்கள் பல உண்டு. அவற்றின் நடுவே குணமாக்கிக் காட்டுகிறோம் என்று விலைபேசுபவர்களும் உண்டு. குழந்தையின் கைகால்களைப் பலர் சேர்ந்து மணிக்கணக்கில் அசைக்கும் டோமன் முறைக்கு ஆதாரமில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1982இலும் 1999இலும் எச்சரித்தது. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று நம் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022இல் தெரிவித்தது. இத்தகைய சிகிச்சைகளில் போகும் பணம் குடும்பத்தின் நிலமாகவும் நகையாகவும் இருக்கிறது. பெற்றோரின் அறியாமையைக் குறைசொல்வதில் அர்த்தமில்லை. சரியான தகவலோடு வீட்டுக்கு வந்து நிற்கும் ஒருவர் இல்லாதபோது, நம்பிக்கை தருபவரிடம்தான் எவரும் போவார்கள். கட்டுப்பாட்டு அமைப்பும் பிளவுபட்டிருக்கிறது. சிறப்பாசிரியரும் பேச்சுப் பயிற்சியாளரும் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின்கீழ் வருகிறார்கள். பிசியோ, ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளுக்கு 2021இல் தனி ஆணையச் சட்டம் வந்தது. ஒரே குழந்தையோடு பணிபுரியும் இவர்கள் அனைவருக்கும் பொதுவான சேவைத் தரம் வேண்டும்: எழுத்தில் இலக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை, முன்னேற்றம் இல்லையென்றால் முறையை மாற்றும் கடமை, பெற்றோருக்குப் புரியும் தமிழில் அறிக்கை.

சட்டத்தின் மௌனத்தையும் கவனிக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்விக்கு உறுதி தருகிறது. ஆனால் மறுவாழ்வுச் சேவை பற்றிய 27ஆம் பிரிவு, அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டே அதை வழங்கச் சொல்கிறது. மூளை வேகமாக வளரும் முதல் ஆறு ஆண்டுகளுக்குக் கல்வி உத்தரவாதமும் இல்லை, பயிற்சிக்கு நிபந்தனையற்ற உரிமையும் இல்லை. வசதி போதாது என்ற வாதத்துக்கு இந்தக் கட்டுரை அடுக்கிய சான்றுகளே பதில். பலன் தருபவற்றில் பெரும்பகுதி விலையுயர்ந்தவை அல்ல. பலன் தராதவற்றிலேயே பெரும்பணம் போகிறது. தமிழ்நாடு அடுத்து எடுக்க வேண்டிய நடவடிக்கைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. எடை குறைந்து பிறந்த, மூச்சுத்திணறலோடு பிறந்த ஒவ்வொரு குழந்தையையும் ஆறு மாதத்துக்குள் நரம்பியல் பரிசோதனைக்கு உட்படுத்துவது; சுகாதாரம், அங்கன்வாடி, பள்ளி, மாற்றுத்திறனாளிகள் நலம் ஆகிய நான்கு துறைகளுக்கும் ஒரே பதிவேடு; வீட்டுக்குச் செல்லும் பிசியோதெரபிஸ்டுக்குக் குழந்தைகள் சார்ந்த கூடுதல் பயிற்சி; வட்டாரந்தோறும் மேற்பார்வை நிபுணர் குழு; இடுப்பு எக்ஸ்ரே கண்காணிப்பு; ஆறு வயதுக்குட்பட்டோருக்குச் சேவையை மாநில விதிகளிலேயே உரிமையாக்குவது. திட்டத்தின் வெற்றியை அளக்கும் அளவுகோலும் மாற வேண்டும். எத்தனை செஷன் நடந்தது என்ற எண்ணிக்கையோடு, இந்தக் குழந்தை தானே சாப்பிடுகிறதா, தனக்கு வேண்டியதைத் தெரிவிக்கிறதா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடுகிறதா, பள்ளியில் சேர்ந்து தொடர்கிறதா என்பவையும் ஆண்டறிக்கையில் இடம்பெற வேண்டும். இந்த நான்கும் நடப்பவை வீட்டிலும் தெருவிலும் வகுப்பறையிலும்தான். சேவையும் ஆட்களும் நிதியும் அங்கேதான் போக வேண்டும்.